சிறைப்புறத்தில் நிற்பது யார்?

ரெண்டு மாசமா இந்தக் கடைப் பக்கம் எட்டிப் பார்க்க முடியல மக்களே. பரீட்சை, ப்ராஜெக்ட், மைனஸ் இருபது குளிர்னு மான்ட்ரியலின் வழக்கமான மூணு வில்லன்கள். இப்பத்தான் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைச்சிருக்கு. உருப்படியா ஏதாவது எழுதுவான்னு நம்பி வந்தவங்க மன்னிக்கணும், இன்னிக்கு மேட்டர் வீடியோ கேம். ஆனா பாதியில தொல்காப்பியர் வருவார். பயப்படாம படிங்க.

(எச்சரிக்கை: அண்டர்டேல், அசாசின்ஸ் கிரீட் ரெண்டோட முடிச்சையும் அவிழ்க்கப் போறேன். இனிமேல்தான் ஆடணும்னு இருக்கிறவங்க இப்பவே எஸ்கேப் ஆயிடுங்க.)

அண்டர்டேல் 2015 செப்டம்பர்ல வந்த கேம். டோபி ஃபாக்ஸ் என்கிற அமெரிக்கர் கிட்டத்தட்ட தனி ஆளா செஞ்சது. பார்க்க எண்பதுகள் காலத்து கேம் மாதிரி கட்டம் கட்டமா இருக்கும். மனுஷங்களோட சண்டையில தோத்துப் போய் பூமிக்கடியில அடைபட்டுக் கிடக்கிற பூதங்களோட கதை. அதுல கேஸ்டர் என்று ஒரு விஞ்ஞானி. முன்னாள் அரசவை விஞ்ஞானி. சாதாரணமா ஆடினா இவரைப் பார்க்கவே முடியாது, பேர்கூட காதில் விழாது. ஆட்டம் தொடங்கும்போது கம்ப்யூட்டர் உள்ளுக்குள்ள ஒரு நம்பரைப் போட்டுக்கும். அது குறிப்பிட்ட மாதிரி விழுந்தாத்தான் எங்கேயோ ஒரு மூலையில சாம்பல் நிறத்துல ஒரு ஆள் நின்னுக்கிட்டு இவரைப் பத்தி ரெண்டு வரி பேசும். அப்படி மூணு ஆள் உண்டு.

ஒருத்தர் சொல்றது: கேஸ்டர் ஒருநாள் தன்னுடைய படைப்புக்குள்ளேயே விழுந்துட்டார். இன்னொருத்தர்: காலம், வெளி எல்லாத்துலயும் சிதறிப் போயிட்டார், அதுல ஒரு துண்டு இதோ என் கையில. மூணாவது ஆள்: பரிசோதனை தப்பாப் போச்சு... வேண்டாம், நான் வம்பு பேசமாட்டேன், கேட்டுக்கிட்டு இருக்கிற ஒருத்தரைப் பத்திப் பேசறது மரியாதையில்லை.

அவ்ளோதான். இந்த ஏழெட்டு வரியை வெச்சுக்கிட்டு உலகம் பூரா பத்து வருஷமா அடிச்சுக்கறாங்க. எங்க வீட்டுச் சமையலறையும் விதிவிலக்கில்லை. நாங்க மூணு பேர். சென்னைக்காரன் ஒருத்தன், இங்கேயே பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருத்தன், நான். சென்னைக்காரன் கட்சி: "டேய், படைப்புக்குள்ள விழுந்துட்டார்னா வேலையில மூழ்கி ஆள் காலியாயிட்டார்னு அர்த்தம்டா. எல்லாத்தையும் அப்படியே எடுத்துக்குவியா?" தம்பியின் கட்சி: "இல்லையண்ணா, விழுந்தவர் எண்டா விழுந்தவர்தான். கீழ நெருப்பு எரியிற அவ்வளவு பெரிய மெஷினைக் கட்டினவர், அதுக்குள்ள கால் தவறி விழுந்திட்டார். நீங்கள் சும்மா தத்துவம் கதைக்காதேங்கோ." குக்கர் அஞ்சு விசில் அடிச்சு சாதம் குழைஞ்சு போனதுதான் மிச்சம்.

இந்தச் சண்டையில ரெண்டு கட்சிக்கும் ஓட்டுப் போட முடியாதுங்கறது என் கருத்து. 'நேர்ப்பொருளா, உருவகமா' என்பது ரெண்டாவதாக் கேட்கவேண்டிய கேள்வி. அதுக்கு முன்னாடி கேட்கவேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு: இதை யார், யார்கிட்ட, எதுக்காகச் சொல்றாங்க? இதைக் கேட்காம நேரா பொருளுக்குப் போனா எந்தப் பக்கம் போனாலும் முட்டுச்சந்துதான்.

முதல்ல நேர்ப்பொருள் கட்சிக்கு ஒரு கோல். அதே கேம்ல ஒரு படகோட்டி வருவார். ஏதாவது பாடிக்கிட்டே இருப்பார், எப்பவாவது ஒரு தடவை 'கைகளால் பேசுகிறவனிடம் எச்சரிக்கையா இரு' என்கிற மாதிரி ஒரு வரி சொல்வார். ஆஹா, என்ன ஆழமான படிமம் என்று தோணும். ஆனா கேமுக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கிற ஒரு குறிப்பு முழுக்க விங்டிங்ஸ் எழுத்துருவில் இருக்கு. மைக்ரோசாஃப்ட் 1990ல விட்டதே, எழுத்துக்குப் பதிலா சுட்டுவிரல், கட்டைவிரல், விரிச்ச கைன்னு படமா வருமே, அதேதான். கேஸ்டர் பேருக்கு முன்னாடி இருக்கிற தலைப்பெழுத்தும் டபிள்யூ, டி. இந்தக் கேம்ல சான்ஸ், பாப்பிரஸ் என்று வர்ற அண்ணன் தம்பி ரெண்டு பேரும் எழுத்துருப் பேர் கொண்டவங்கதான். ஆக 'கைகளால் பேசுகிறவன்' என்பது படிமமே இல்லை. அப்பட்டமான வர்ணனை. அவர் எழுத்தே கைதான்!

இதைப் பார்த்ததும் தம்பி குதிப்பான், "பாத்தீங்களோ, எல்லாம் நேர்ப்பொருள்தான்." அவசரப்படக் கூடாது. நம்ம ஊர்க் கதைக்கு வருவோம்.

நம்ம ஊர்னா மான்ட்ரியல். 55ஆம் நம்பர் பஸ் பிடிச்சு சான் லோராங் சாலையில வடக்கே போனா, சான் வியாத்தர் முனையில பழைய ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக் கட்டடம் ஒண்ணு வரும். சிவப்புச் செங்கல். 1997ல யூபிசாஃப்ட் கம்பெனி மான்ட்ரியல் கிளையை ஆரம்பிச்சது அங்கதான். 2007 நவம்பர்ல வந்த அசாசின்ஸ் கிரீட் பிறந்த இடம் அதுதான். கோட்டைச் சுவர்ல தொத்தி ஏறி, உச்சியிலிருந்து வைக்கோல் வண்டியில குதிப்பாங்களே, அந்த கேம். நிறைய பேர் அந்தக் குதிக்கிற வித்தைக்காக ஆடினாங்க. நான் அதுல பேசுறதைக் கேட்கிறதுக்காக ஆடினேன் (ஆமாங்க, அந்த ஜாதிதான் நான்).

கதை தெரியாதவங்களுக்கு நாலு வரி. 2012ஆம் வருஷத்துல டெஸ்மண்ட் மைல்ஸ் என்று ஒரு இளைஞன். அனிமஸ் என்கிற மெஷின்ல அவனைப் படுக்க வெச்சு, அவன் மரபணுவில் இருக்கிற முன்னோர்களோட நினைவுகளை ஓடவிடுவாங்க. நாம ஆடுறது அந்த முன்னோரா. முதல் பாகத்துல 1191ல சிலுவைப் போர்க் காலத்து அல்தாயிர். ரெண்டாம் பாகத்துல இத்தாலி மறுமலர்ச்சிக் காலத்து எட்ஸியோ.

2009ல வந்த ரெண்டாம் பாகத்தோட கடைசிக் காட்சி. கதையில வருஷம் 1499. வத்திக்கானுக்கு அடியில ஒரு ரகசிய அறை. எட்ஸியோ இருபது வருஷத்துக்கு மேல அலைஞ்சு, அப்பாவையும் சகோதரர்களையும் பறிகொடுத்துட்டு அங்க வந்து நிக்கிறான். மினர்வா என்கிற ஒரு தெய்வ உருவம் ஒளியில தோன்றுது. அவன் ஏதோ கேட்க வாயெடுக்கிறான். அது சொல்லுது: உன்னோட பேச எனக்கு விருப்பமில்லை, உன் வழியாத்தான் பேசணும். அப்புறம் பேச்சு பூரா அவனுக்குப் புரியாத சேதி. மனிதனுக்கு முந்தைய ஒரு இனம், சூரியனால வந்த அழிவு, எங்கெங்கோ கட்டி வெச்ச கோயில்கள். கடைசியில, மீதி உன் கையிலதான் இருக்கு டெஸ்மண்ட் என்று சொல்லிட்டு மறைஞ்சுடுது. எட்ஸியோ பாவம், யார் அந்த டெஸ்மண்ட், எனக்கு ஒண்ணும் புரியலையே என்று காலி அறையைப் பார்த்துக் கத்துறான்.

இப்ப எட்ஸியோ பக்கத்துல நின்னு யோசிங்க. அவனுக்கு டெஸ்மண்ட் யாரு? நமக்குக் கேஸ்டர் எப்படியோ அப்படி. கண்ணால பார்க்காத, பேர் மட்டும் கேட்ட ஆள். எட்ஸியோ ஒரு உரைகாரனா இருந்தா என்ன பண்ணியிருப்பான்? டெஸ்மண்ட் என்பது மனசாட்சிக்கு உருவகம், சூரியன் என்பது ஞானம், கோயில் என்பது உடம்பு என்று ஒரு அருமையான விளக்கம் எழுதியிருப்பான். அத்தனையும் தப்பு. டெஸ்மண்ட்னா டெஸ்மண்ட்தான், சூரியன்னா சூரியன்தான். அதுக்காக நேர்ப்பொருளாவே எடுத்துக்கோன்னு அவன்கிட்ட சொல்லியிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. நேர்ப்பொருளும் அவனுக்குப் புரியாது. அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒரே ஒரு விஷயம்: இந்தப் பேச்சு எனக்கில்லை, எனக்குப் பின்னாடி நிக்கிற இன்னொருத்தனுக்கு.

இங்கதான் எனக்குச் 'சிறைப்புறம்' ஞாபகம் வந்தது.

பள்ளிக்கூடத்துல குறுந்தொகை, நற்றிணை படிச்சவங்களுக்கு நினைவிருக்கும். பாட்டுக்குப் பக்கத்துல 'தலைவன் சிறைப்புறத்தானாகத் தோழி சொல்லியது' என்கிற மாதிரி ஒரு குறிப்பு இருக்கும். சிறைன்னா இங்க ஜெயில் இல்லை, வேலி. தலைவன் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நிக்கிறான். தோழிக்கு அது தெரியும். தெரிஞ்சும் தெரியாத மாதிரி தலைவிகிட்ட பேசுவா: ராத்திரியில மலைப்பாதை எவ்ளோ பயங்கரம், யானை நடமாட்டம், பாம்பு, காட்டாறு. முகம் தலைவியைப் பார்த்து, பேச்சு தலைவனுக்கு. மினர்வா செஞ்சது சாட்சாத் இதுதான்! எட்ஸியோ தலைவி இடத்துல, ஐந்நூறு வருஷம் என்கிற வேலிக்கு அந்தப் பக்கம் டெஸ்மண்ட்.

அந்தத் தோழி பேசற யானை நேர்ப்பொருளா உருவகமா? யானை நிஜம்தான். பாம்பும் நிஜம்தான். ஆனா அவ சொல்லவந்தது வனவிலங்கு நிலவரம் இல்லை. இப்படித் திருட்டுத்தனமா ராத்திரி வர்றதை விட்டுட்டுச் சட்டுபுட்டுன்னு கல்யாணத்துக்கு ஏற்பாடு பண்ணுங்கறதுதான் சேதி. அது யானையிலயும் இல்லை, பாம்புலயும் இல்லை. யார் யாருக்குச் சொல்றாங்கங்கறதுல இருக்கு. சொல்லை மட்டும் எவ்ளோ புரட்டிப் பார்த்தாலும் அது கிடைக்காது.

தொல்காப்பியர் இதுக்கு ஒரு பேரே வெச்சிருக்கார். செய்யுளியல்ல ஒரு பாட்டுக்கு உரிய 34 உறுப்புகளைப் பட்டியல் போடுறார். மாத்திரை, எழுத்து, அசை, சீர் எல்லாம் நாம பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினது. அதே பட்டியல்ல கூற்று, கேட்போர், களம், காலம், பயன் எல்லாம் இருக்கு. அதோட 'முன்னம்' என்று ஒண்ணு. இந்த இடத்துல இந்தப் பேச்சைப் பேசறதுக்கு உரியவர் இவர், கேட்கிறதுக்கு உரியவர் இவர் என்று குறிப்பால் தெரியவர்றதுதான் முன்னம். சீர், அசை மாதிரி இதுவும் பாட்டோட உறுப்பு என்கிறார். அலங்காரம் இல்லைங்க, உறுப்பு. கை, கால் மாதிரி. அது இல்லாட்டா பாட்டு ஊனம்.

உள்ளுறை, இறைச்சி என்று மறைபொருளுக்கும் தனியா இடம் ஒதுக்கியிருக்கார் என்பதையும் சொல்லிடறேன். மறைபொருள் வேணாம்னு நான் சொல்லல. முன்னம் தெரியாம அங்க கைவெச்சா ஷாக் அடிக்கும்னுதான் சொல்றேன்.

இந்த அளவுகோலை எடுத்துக்கிட்டு அடுத்த பாகத்துக்குப் போவோம். 2010 நவம்பர்ல வந்தது, பிரதர்ஹூட். கடைசிக் காட்சியில ஜூனோ என்கிற இன்னொரு தெய்வ உருவம் டெஸ்மண்டோட உடம்பைத் தன் பிடியில வெச்சுக்கிட்டுப் பேசும். பேச்சு முடியறப்ப அவன் கையாலயே கூட இருந்த லூசி ஸ்டில்மன் என்கிற பெண்ணைக் குத்த வெச்சுடும். அந்தப் பேச்சுதான் ரசிகர்களைப் பல வருஷம் தூங்கவிடல. அதைத் துண்டு துண்டாப் பார்த்தா ஒரு தமாஷ் தெரியும்.

விழிப்புக்கு முந்தைய எழுபத்திரண்டாவது நாள் என்று ஆரம்பிக்கும். ஆகா, 72, ஏதோ எண் தத்துவம் என்று கிளம்பியவங்க உண்டு. ஒண்ணுமில்லை, காலண்டரை எடுங்க. மாயன் காலண்டர் புரளியால பிரபலமான 2012 டிசம்பர் 21லிருந்து பின்னால 72 நாள் எண்ணினா அக்டோபர் 10. கதையில அந்தக் காட்சி நடக்கிற தேதி அதுவேதான். சுத்தமான நேர்ப்பொருள்.

நீ எங்கள் வித்தும் எங்கள் எதிரியின் வித்தும் என்று சொல்லும். இதுவும் நேர்ப்பொருள். டெஸ்மண்டின் வம்சத்துல அந்தப் பழைய இனத்தோட ரத்தமும் மனித ரத்தமும் கலந்திருக்கு.

சிலுவை அடிவானத்தை இருட்டாக்குகிறது என்று ஒரு வரி. இதை நேர்ப்பொருளா எடுத்தா அசடு வழிய வேண்டியதுதான். இந்தக் கதையில சிலுவை டெம்ப்ளர் கூட்டத்தோட சின்னம். இலை, சூரியன், பம்பரம் என்று சின்னத்தைச் சொல்லிக் கட்சியைக் குறிக்கிறதை நம்மளைவிட நல்லாப் புரிஞ்சுக்கிறவங்க உலகத்துல உண்டா? நம்ம இலக்கணத்துல சொன்னா ஆகுபெயர். 2012 ஃபிப்ரவரியில வந்த லாஸ்ட் ஆர்க்கைவ் என்கிற துணைக்கதையில, லூசி டெம்ப்ளர் பக்கம் சாய்ஞ்சவள் என்று வெளிப்படையாவே வந்துடுச்சு.

உன்னோடு வாயில் கடந்து வரக்கூடியவள் ஒருத்தி, அவள் எங்கள் பார்வையில் படவில்லை என்று இன்னொரு வரி. யார் அவள்? லூசியா, இன்னும் வராத ஒருத்தியா? இன்னி வரைக்கும் அடிதடிதான்.

அதே பாகத்துல, டெஸ்மண்டுக்கு முன்னாடி அந்த மெஷின்ல படுத்துப் புத்தி பேதலிச்சு இறந்துபோன பதினாறாம் நபர் ஒருத்தர் விட்டுப்போன சேதியில ஆங்கிலத்துல 'சன்' என்கிற ஓசை ரெண்டு தரம் அடுத்தடுத்து வரும். ஒண்ணு சூரியன், ஒண்ணு மகன். நம்ம காளமேகம் கேட்டிருந்தா கைதட்டியிருப்பார். டெஸ்மண்டுக்கு ஒரு மகன் இருக்கிறது அவன் கதையெல்லாம் முடிஞ்ச பிறகு இந்தத் தொடரோட காமிக்ஸ்ல வந்தது.

ஆக, ஒரே பேச்சுல ஒரு வரி நேர்ப்பொருள், அடுத்த வரி ஆகுபெயர், அதுக்கடுத்தது திறந்தபடியே நிக்குது. பக்கத்துலயே சிலேடை. முழுப் பேச்சுக்கும் 'எல்லாம் நேர்' அல்லது 'எல்லாம் உருவகம்' என்று ஒரே முத்திரை குத்துறது எப்படிச் சரியாகும்?

ஆனா பெரிய ஓட்டை இது இல்லை. அதே பேச்சுல ஜூனோ இன்னொண்ணும் சொல்லும்: உனக்கு ஒண்ணும் தெரியாது, நாங்கதான் வழிகாட்டணும். இதுல மறைபொருளே கிடையாது. குழந்தைக்குக்கூடப் புரியும். ரசிகர்கள் பெரும்பாலும் தாண்டிப் போன வரி இதுதான். 2012 அக்டோபர்ல வந்த மூணாம் பாகத்துல டெஸ்மண்ட் உலகத்தைக் காப்பாத்தறதுக்காக ஒரு தூணைத் தொடுறான், உயிரை விடுறான். அந்தத் தொடுதல்ல விடுதலையாகி வெளிய வர்றது யாரு? சிறைப்பட்டுக் கிடந்த ஜூனோ! வழிகாட்டினது அதோட விடுதலைக்கு. 'சிலுவை'க்கு நூறு பக்கம் உரை எழுதினவங்க, 'இந்தம்மா எதுக்கு இதையெல்லாம் சொல்லுது?' என்று ஒரு தரம் கேட்டிருந்தா மூணாம் பாகம் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்திருக்காது. பட்டியல்ல இருக்கிற 'பயன்' என்கிற உறுப்பு இதுதான்.

கேம்தானே, இதுக்கு எதுக்கு இவ்ளோ டென்ஷன் என்று கேட்கிறவங்களுக்கு, கேமுக்கு வெளியில நடந்த கதை.

அசாசின்ஸ் கிரீட் முதல் பாகத்துல வர்ற கூட்டத்துக்கு நிஜ வரலாறு உண்டு. நிசாரி இஸ்மாயிலிகள், ஷியா முஸ்லிம்களில் ஒரு பிரிவு. 1090ல ஹசன் ஸப்பா பாரசீகத்துல அலமூத் கோட்டையைப் பிடிச்சார். 1256ல மங்கோலியர் படை அதைத் தரைமட்டமாக்கிச்சு. வேதத்துக்கு வெளிப்பொருள், உட்பொருள் ரெண்டும் உண்டு என்பது இஸ்மாயிலி மரபின் அடிப்படை. 'உட்பொருள்காரர்கள்' என்ற பொருள்ல பாத்தினிய்யா என்றே மத்தவங்க அவங்களைக் கூப்பிட்டாங்க. அப்படிப்பட்ட கூட்டத்துக்கு என்ன ஆச்சுன்னு பாருங்க. 12ஆம் நூற்றாண்டுல அவங்களைப் பிடிக்காதவங்க வைத பேர் 'ஹஷீஷி'. கஞ்சாக்காரன் என்பது போல ஒரு வசவு. நாம தெருவில் ஒருத்தனை 'லூசு' என்று திட்டினா டாக்டர் சர்டிஃபிகேட் கொடுத்ததாவா அர்த்தம்? ஆனா சிலுவைப் போருக்கு வந்த ஐரோப்பியர் காதுல அந்தச் சொல் விழுந்துச்சு. கூடவே கதையும் சேர்ந்துச்சு. போதை கொடுத்துச் சொர்க்கம் மாதிரி தோட்டத்தைக் காட்டிக் கொலைக்கு அனுப்புவாங்க என்று மார்கோ போலோ புத்தகத்துல வரும். மார்கோ போலோ அந்தப் பக்கம் போனதே கோட்டை விழுந்து பத்துப் பதினைஞ்சு வருஷம் கழிச்சுத்தான். 1809ல சில்வெஸ்டர் த சாசி என்கிற ஃபிரெஞ்சு அறிஞர் அசாசின் என்ற சொல் அந்த 'ஹஷீஷி'யிலிருந்து வந்தது என்று காட்டினார். சொல்லாராய்ச்சி சரிதான். ஆனா போதைக் கதைக்கும் அதையே சான்றா எடுத்துக்கிட்டாங்க. ஃபர்ஹாத் தஃப்தரி 1994ல இந்தக் கட்டுக்கதைகளுக்காகவே ஒரு புத்தகம் எழுதி ஒவ்வொண்ணா அவிழ்க்கிற வரைக்கும், ஏன் அதுக்கப்புறமும், பொதுப்புத்தியில அவங்க போதைக் கொலைகாரர்கள்தான்.

அங்க நடந்தது என்ன? ஒரு வசவை நேர்ப்பொருளாப் படிச்சது மட்டும் இல்லை. சொன்னது எதிரி என்கிற முன்னத்தைத் தொலைச்சுட்டுப் படிச்சது. விலை கொடுத்தது ஒரு முழுச் சமூகம்.

கேம்ல வர்ற பிரபலமான சூத்திரம், உண்மை என்று ஒண்ணும் கிடையாது, தடை என்றும் ஒண்ணும் கிடையாது என்ற பொருள்ல வருமே, அதுவும் இந்த ரகம்தான். இஸ்மாயிலி நூல் எதுலயும் அது இல்லை. நீட்சே 1887ல அதை அவங்க வாயில போட்டு எழுதினார், விளாடிமிர் பர்த்தோல் என்கிற ஸ்லோவேனியர் 1938ல 'அலமூத்' நாவல்ல கையாண்டார், அங்கிருந்து சான் லோராங் சாலைக்கு வந்துச்சு. கேம்ல அல்தாயிர் முதல் காட்சியிலேயே அதை நேர்ப்பொருளா எடுத்து, வழியில நின்ன ஒரு அப்பாவிக் கிழவரைக் கொன்னுட்டு இதையே சாக்காச் சொல்வான். அதுக்காகப் பதவி பறிபோகும். யாருக்கும் தடையில்லைன்னு சொல்றதுக்கும், உன்னைத் தடுக்க வெளியில யாருமில்லை, அதனால நீயேதான் பொறுப்புன்னு சொல்றதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். சொல் என்னவோ ஒண்ணுதான்.

இப்போ ரெண்டு ஆட்சேபணை வரும். நானே சொல்லிடறேன்.

ஒண்ணு: "எழுதினவனுக்கே அர்த்தம் தெரியாட்டி?" நியாயமான கேள்வி. முதல் ரெண்டு பாகத்தோட இயக்குநர் பத்ரீஸ் தெசிலே 2010லயே, பிரதர்ஹூட் வெளிவர்றதுக்கு முன்னாடியே யூபிசாஃப்டை விட்டுப் போயிட்டார். அந்த 'ஒருத்தி' அந்தரத்துல நிக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். ஆனா எழுதினவர் மனசுல என்ன இருந்துச்சு என்று நான் கேட்கவே இல்லையே. கதைக்குள்ள பேசுறது யார், கேட்கிறது யார் என்றுதான் கேட்கிறேன். எழுதினவர் கம்பெனி மாறினாலும் அது மாறாது.

ரெண்டு: "முன்னத்தை மட்டும் நாம கற்பனை பண்ணலையா?" இதுவும் நியாயம். சங்கப் பாட்டுகளுக்குக் கூற்றுக் குறிப்பு எழுதினது பாடினவங்க இல்லை, பின்னால வந்தவங்கதான் என்று ஆய்வாளர்களே சொல்றாங்க. அதையே வேதவாக்கா எடுத்துக்க வேண்டாம். குறிப்பை மாத்திப் போட்டுப் படிச்சா பாட்டு வேற மாதிரி மின்னும், அதுவும் ஒரு சுகம். ஆனா கற்பனைக்கும் ஒரு வேலி வேணும். அது பாட்டுக்குள்ள இருக்கிற தடயம். முல்லைப்பாட்டுல அங்கங்கே இருக்கிற சொல்லைப் பிடுங்கி மாட்டி நச்சினார்க்கினியர் உரை எழுதினதை மறைமலையடிகள் 1903லயே மறுத்து எழுதினார். அஞ்சு கேம்ல இருந்து அஞ்சு வரியைப் பிடுங்கிக் கோர்க்கிற இன்னிய ரசிகர்களைப் பார்த்தா நச்சர், 'தம்பிங்களா, நான்கூட ஒரே பாட்டுக்குள்ளதாண்டா மாட்டினேன்' என்று சொல்வார்.

சரி, கேஸ்டர்கிட்ட திரும்புவோம். முதல் ஆள் 'சொல்றாங்க' என்று கேள்விப்பட்ட கதையைச் சொல்றார். அது வதந்தி. வதந்தியில நேர்ப்பொருளா உருவகமா என்று ஆராயறது வீண், அது வாய் மாறி வர்றப்பவே ரெண்டும் கலந்திருக்கும். ரெண்டாவது ஆள் கையில ஒரு துண்டை வெச்சுக்கிட்டுப் பேசுறார். அவர் வாய்ல 'சிதறிப் போயிட்டார்' நேர்ப்பொருள். குறைஞ்சபட்சம் அவரைப் பொறுத்தவரை. மூணாவது ஆள்தான் எனக்கு முக்கியம். கேட்டுக்கிட்டு இருக்கிறவரைப் பத்திப் பேசக்கூடாது என்று அவர் வாயை மூடிக்கிறார். மூணு பேர்ல இவர் ஒருத்தருக்குத்தான் சிறைப்புறத்துல ஆள் நிக்கிறது தெரியும். அப்போ கேஸ்டர் சாகலை, எங்கேயோ கேட்டுக்கிட்டு இருக்கார். 'விழுந்தார்' என்கிற சொல்லைப் பத்து வருஷம் பிழிஞ்சாலும் வராத சேதி, அவர் பேச மறுத்த அந்த ஒரு வரியில வந்துடுச்சு.

ஊரைவிட்டு வந்தவங்களுக்கு இதைப் புதுசா சொல்லித்தர வேண்டியதில்லை. ஞாயித்துக்கிழமை போன்ல அம்மா, "இங்க எல்லாரும் நல்லாருக்கோம், நீ படிப்பைப் பாரு" என்பாங்க. நேர்ப்பொருளா எடுத்தா நிம்மதியாத் தூங்கலாம். மறைபொருள் தேடினா பைத்தியம் பிடிக்கும். அப்பா ஹாஸ்பிட்டல்ல இருக்காரோ, வட்டி கட்டலையோ என்று ராத்திரி பூரா ஓடும். நான் இப்போல்லாம் சொல்லை விட்டுட்டு வேற ஒண்ணு கவனிக்கிறேன்: அம்மா பேசும்போது பக்கத்துல யார் இருக்காங்க? அப்பா ஹால்ல உட்கார்ந்திருந்தா அந்த 'நல்லாருக்கோம்' அப்பாவுக்குச் சொல்றது. தனியா மொட்டை மாடியில நின்னு சொன்னா எனக்குச் சொல்றது. ரெண்டும் ஒரே வாக்கியம்தான்.

எட்ஸியோ விஷயத்துல கடைசியா ஒண்ணு. 2011ல வந்த ரெவலேஷன்ஸ் பாகத்தோட முடிவுல அவன் கிழவன். கதையில 1512. டெஸ்மண்ட் என்ற பேர் காதுல விழுந்து பதிமூணு வருஷம் ஓடிப் போச்சு. மஸ்யாஃப் கோட்டை நூலகத்துல ஆயுதத்தையெல்லாம் ஒவ்வொண்ணாக் கழட்டிக் கீழ வெச்சுட்டு, முன்னால யாரும் இல்லாத வெறும் காத்தைப் பார்த்து, பேர் மட்டும் தெரிஞ்ச அந்த ஆளோட பேசுறான். எனக்குப் புரியாத ஒரு சேதியைச் சுமந்துக்கிட்டு வந்த ஆள் நான், அது உனக்கானது என்கிற மாதிரி. அத்தனை வருஷம் கழிச்சும் மினர்வா சொன்னதுக்கு அவனுக்கு அர்த்தம் தெரியாது. நேர்ப்பொருளும் தெரியாது, உருவகமும் தெரியாது. ஆனா யாருக்குச் சொன்னது என்று தெரிஞ்சுக்கிட்டான், அது அவனுக்குப் போதுமா இருந்துச்சு. என்னைக் கேட்டா, அந்தத் தொடர்லயே நல்ல வாசகன் அவன்தான்.

நீங்க என்ன சொல்றீங்க? தம்பி கட்சியா, சென்னைக்காரன் கட்சியா? யார் யாருக்குச் சொன்னதுன்னு தெரிஞ்ச பிறகும் புரியாம நிக்கிற வரி உங்ககிட்ட ஏதாவது இருந்தா எழுதுங்க, அது கேமோ பாட்டோ வீட்டுப் பேச்சோ, சேர்ந்து மண்டையை உடைச்சுக்கலாம்.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு 'இவன் யாரையோ மனசுல வெச்சு உள்குத்தா எழுதியிருக்கான்' என்று தேடப் போறவங்களுக்கு: உள்குத்து எதுவும் இல்லை. சாதம் குழைஞ்சது நிஜம். அதுக்கு உள்ளுறை தேட வேண்டாம்.